போணிக்கு முன் வந்த அப்டேட்

என்னை ஏமாற்ற இனிமேல் ஒருவன் பிறந்துதான் வரவேண்டும் என்று நான் பேசித் திரிந்த காலம் உண்டு. டீக்கடையில் பேசியிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் இலை போடும் வரைக்கும் பேசியிருக்கிறேன். ஒருமுறை விழுப்புரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிப்போன பிறகும் பேசியிருக்கிறேன். இப்போது பேசுவதில்லை. என் மனைவி பக்கத்தில் இருந்தால் அந்தத் திசைக்கே பேச்சைத் திருப்புவதில்லை.

செஞ்சிக் கடைவீதியில் எங்களுக்கு மளிகைக் கடை. தாத்தா வைத்தது. பருப்பு நிறுக்கவா பட்டம் படித்தேன் என்ற திமிரில், நைனா உயிரோடு இருக்கும்போதே நான் கடையை நடுவில் பலகை வைத்துத் தடுத்து, ஒரு பாதியில் கம்ப்யூட்டரும் பிரிண்டரும் கேமராவும் வாங்கிப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ, இறந்தவர்களுக்கு மாலை போட்டு வைக்கப் பெரிய படம், எல்லாம் செய்வேன். மறுபாதியில் மளிகையை இப்போது என் மனைவி பார்த்துக்கொள்கிறாள். கூட்டம் என்றைக்கும் அவள் பாதியில்தான். என் பக்கம் வருகிறவர்களில் பலர் "அக்கா சில்லறை வாங்கினு வரச் சொன்னாங்க" என்று வருகிறவர்கள்.

மளிகையை நான் உதறினாலும் மளிகைக்காரன் புத்தி என்னை உதறவில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டு 'இல்லை' என்ற சொல்லை வாயில் எடுக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். சொன்னால் இல்லாமலே போய்விடுமாம். துவரம் பருப்பு தீர்ந்துவிட்டால் "நாளைக்கு வரும்" என்போம். நன்கொடைப் புத்தகத்தோடு நாலு பேர் வந்தால் "நாளைக்கு வாங்க" என்போம். அந்த நாளை எந்த நாளை என்று அவர்களும் கேட்க மாட்டார்கள், எங்களுக்கும் தெரியாது. இன்னொரு சட்டம், காலையில் போணி ஆகும் முன்னால், அதாவது அன்றைய முதல் வியாபாரம் முடியும் முன்னால், வந்தவரை எதற்காகவும் முகம் சுளித்துத் திருப்பி அனுப்பக் கூடாது. அவர் கால் ரூபாய்க்குச் சீரகம் கேட்டாலும் பொட்டலம் கட்டித் தந்துவிட வேண்டும். இந்த இரண்டு சட்டமும் எனக்குச் சொந்தப் பெயர் மாதிரி ஊறிவிட்டவை.

என் கம்ப்யூட்டரில், திரையின் வலது மூலையில், கீழே, சின்னதாக ஒரு சேதி வரும். புதிய அப்டேட் வந்திருக்கிறது, இப்போது போடவா, பிறகு போடவா என்று கேட்கும். 'பிறகு' என்று ஒரு பொத்தானும் இருக்கும். அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவன் நிச்சயமாகக் கடை வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை என்று எனக்குத் தோன்றும். அவ்வளவு பாந்தமாக இருக்கும். நாலு வருஷம் நான் அதை அமுக்கினேன். தினமும் காலையில் அது வரும், நான் நாளைக்கு வா என்பேன், அது ஒரு வார்த்தை பேசாமல் போய்விடும்.

சந்தேகமும் ஒரு காரணம். ஒரு பைசா வாங்காமல் எவனாவது நம் கம்ப்யூட்டரைச் சரிபண்ணித் தருவானா? இனாமாக வருவது எதுவும் எங்கள் கடைவீதியில் நல்லதற்கு வந்ததில்லை. ஆகவே அது டூப்பு என்று தீர்மானித்துவிட்டேன். நான் மட்டும் தீர்மானித்திருந்தால் பரவாயில்லை. "இது நிஜமா, ஏமாத்தா?" என்று கேட்டுக்கொண்டு போனையும் லேப்டாப்பையும் தூக்கி வந்தவர்களுக்கெல்லாம் தீர்ப்பு சொன்னேன். அவலூர்பேட்டையிலிருந்து ஒரு வாத்தியார் பஸ் ஏறி வந்து கேட்டுவிட்டுப் போனார். "அமுக்காதீங்க சார், அமுக்கினா போச்சு" என்று சொல்லி அனுப்பினேன். அவர் இரண்டு கையாலும் கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாத்தியார் வந்துபோன அதே வாரம் ஒரு நாள் மதியம் அனந்தபுரத்துப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் வந்தார். அறுபதை நெருங்கியவர், விவசாயி. மொட்டையடித்த தலையில் முள் முளைத்த மாதிரி முடி வந்துகொண்டிருந்தது. கையில் கண்ணாடி உடைந்த ஒரு போன். மனைவி இறந்து பதின்மூன்று நாள் ஆகிறது, பதினாறாம் நாள் காரியத்துக்குப் படம் வேண்டும் என்றார்.

"ஆதார் கார்டு இருந்தா குடுங்கண்ணே, அதுல இருந்தே பெருசா போட்டுக் குடுத்துர்றேன்" என்றேன்.

"கார்டுல இருக்கறது அவ இல்ல தம்பி. யாரோ மாதிரி இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போனை நீட்டினார். "இதுல ஒன்னு இருக்குது. இது ஒன்னுதான். மல்லாட்ட புடுங்க சொல்லோ நான் எடுத்தது."

போனின் திரையில் பச்சையாகக் கோடு கோடாக ஓடியது. கோடுகளுக்குப் பின்னால் ஒரு நிலக்கடலைக் கொல்லை, நடுவில் ஓர் அம்மாள். தலையில் துண்டை முண்டாசாகக் கட்டியிருந்தார். கை நிறைய மண்ணோடு பிடுங்கிய செடி. யாரோ எதையோ சொல்லியிருக்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, துக்கத்தில் இருப்பவர் எதிரில் சிரிக்கக் கூடாதே என்று குனிந்துகொண்டேன்.

படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். பிறகு தொழில் புத்தி. முண்டாசை எடுத்துவிட்டுப் பட்டுப் புடவை கட்டிவிடலாம், கழுத்தில் காசுமாலை போட்டுவிடலாம், நிறத்தைக் கொஞ்சம் தூக்கிவிடலாம், பின்னால் மலையும் அருவியும் வைத்துவிடலாம் என்று அடுக்கினேன். சாகும் வரை ஒரு குண்டுமணித் தங்கம் போடாதவர்களுக்கெல்லாம் நான் ஒட்டியாணம் வரைக்கும் போட்டு அனுப்பியிருக்கிறேன்.

"அதெல்லாம் ஒன்னும் வேணாம். பல்லு தெரியணும். அவ்ளோதான்" என்றார் அவர்.

போன் இன்னும் இரண்டு நாள்கூடத் தாங்காது என்று தெரிந்தது. எதிரே இருக்கும் போன் ரிப்பேர் கடைக்கு அவரை நானே கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும் என்று அவர்கள் சொன்னார்கள். அவர் என் முகத்தைப் பார்த்தார். "தைரியமா அழிக்கச் சொல்லுங்கண்ணே. படம் எங்கிட்ட பத்திரமா இருக்குது" என்றேன். இதை நான்தான் சொன்னேன். நெஞ்சில் கையை வைத்துச் சொன்னேன்.

கடைக்குத் திரும்பியதும் அந்தப் படத்தை ஒரு பென் டிரைவிலும் போட்டு வைக்க வேண்டும் என்று நினைத்தேன். டிராயரைத் திறந்து பென் டிரைவைத் தேடினேன், கிடைக்கவில்லை. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவிட்டேன். அடுத்த நாள் வெளி வேலை இருந்தது, கடைக்கே வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் சாயங்காலம் அவர் படத்துக்கு வருவதாகப் பேச்சு. மறுநாள் விடிந்தால் காரியம்.

அவர் வருவதாகச் சொன்ன அன்று காலையில் எட்டரைக்குக் கடை திறந்தேன். சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டிவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டேன். மூலையில் வழக்கம்போல அந்தச் சின்ன சேதி வந்தது. 'பிறகு' என்று அமுக்கி அனுப்பிவிட்டு, படத்தைச் சுற்றிப் போட நல்ல பூ பார்டர் இனாமாகக் கிடைக்குமா என்று இன்டர்நெட்டில் துழாவிக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்ததும் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது. சைரன் அலறியது. அவசர அப்டேட் தேவை, உடனே செய்யாவிட்டால் ஐந்து நிமிடத்தில் உங்கள் படங்கள் அனைத்தும் அழிந்துவிடும், கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், இந்த எண்ணுக்கு உடனே பேசுங்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

மற்றது எதுவும் என் கண்ணில் படவில்லை. படங்கள் அழிந்துவிடும் என்பது மட்டும் பட்டது. முண்டாசு கட்டிய அந்த அம்மாள்தான் நினைவுக்கு வந்தார்.

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க அது, ஆம்புலன்ஸா?"

"அப்டேட்டு."

"அதான் தெனமும் வருதே. அதுக்கு ஏன் இப்டி ஊளையுடுது?"

"இது அவசர அப்டேட்டு."

"தாலுகா ஆபீஸ்ல இருந்து கரண்ட் ஆபீஸ் வரைக்கும் நம்மள எவன் அவசரப்படுத்தியிருக்கான்? அவசரப்படுத்தறவன நம்பாதீங்க" என்றாள். உலகத்தில் உள்ள கம்ப்யூட்டர் நிபுணர்கள் எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டியதை அவள் புளியைத் தராசில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள். நான் அவளைப் பார்த்து, தெரியாத விஷயத்தில் தலையிடாதே என்று கையைக் காட்டினேன்.

இன்னும் போணி ஆகவில்லை என்பதும் மனசில் உறுத்தியது. காலையில் கடைக்கு முதலில் வந்தது இந்தச் சேதிதான். முகத்தில் அடித்தாற்போல அதை எப்படித் துரத்துவது? அந்த எண்ணுக்குப் போன் போட்டேன்.

எடுத்தவன் "வணக்கம் சார்" என்றான். என்னை ஊரில் எவரும் சார் என்று கூப்பிடுவதில்லை, 'ஜெராக்ஸு' என்றுதான் கூப்பிடுவார்கள். இவன் ஒரு வாக்கியத்துக்கு இரண்டு சார் போட்டான். எனக்குள் என்னவோ இளகிவிட்டது. இன்டர்நெட்டிலிருந்து ஏதோ ஒரு புரோகிராமை இறக்கிப் போடச் சொன்னான், போட்டேன். திரையில் தெரிந்த ஒரு நம்பரை வாசிக்கச் சொன்னான். பரிசுச் சீட்டு முடிவு வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்தி வாசித்தேன். 'எஸ்' என்று வரும் இடத்தில் அமுக்கச் சொன்னான். அதையும் அமுக்கினேன். எங்கள் ஊர்க் கோட்டையை யார் யாரோ வந்து பிடித்திருக்கிறார்கள். ஆனால் உள்ளே இருந்தவனே சாவியின் நம்பரை வாசித்துக் காட்டி, மேலே வாங்க சார் என்று கூப்பிட்டதாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

என் கை படாமலே அம்புக்குறி திரையில் நகர ஆரம்பித்தது. எனக்கு ஒரே பிரமிப்பு. "டிபன் ஆச்சுங்களா?" என்று அவனை விசாரித்தேன். கடைக்கு வந்தவரை விசாரிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. அம்புக்குறி நடுத்திரையில் நின்றது. பிறகு "ஆச்சு சார்" என்றான். நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு கறுப்புப் பெட்டியைத் திறந்தான். அதில் எழுத்துகள் மேலிருந்து கீழே சரசரவென்று ஓடின. "பாத்தீங்களா சார், எல்லாம் வைரஸ்" என்றான். அது எந்தக் கம்ப்யூட்டரில் தட்டினாலும் ஓடும் ஃபைல் பட்டியல் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அப்போது நான் "ஐயய்யோ" என்றேன். அம்மாள் படத்துக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்டேன். எந்த அம்மாள் என்று கேட்டான். காரியத்துக்குப் படம், அது ஒன்றுதான் இருக்கிறது, எப்படியாவது காப்பாற்றிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். கட்டாயம் காப்பாற்றலாம் சார், அதற்கு முன்னால் அப்டேட் கட்டணம் என்று ஒரு தொகை சொன்னான், கார்டு நம்பரைக் கேட்டான்.

காசு என்ற பேச்சு வந்ததும் என் வாய் தானாகத் திறந்தது. "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

நான் உஷாராகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவனை நான் அப்போதும் முழுசாக நம்பினேன். அது பழக்க தோஷம், தும்மல் மாதிரி. அவன் இப்போதே கட்டவேண்டும் என்றான். இன்னும் போணி ஆகவில்லை, காலையில் முதல் காசை வெளியே விட மாட்டோம் என்றேன். படம் அழிந்துவிடும் என்றான். வேலையை முடியுங்கள், எங்கே ஓடிப்போகப் போகிறேன் என்றேன். தொகையைப் பாதியாகக் குறைத்தான். நாளைக்குக் கூப்பிடுங்கள் என்றேன். வசூலுக்கு வருகிறவர்களை நிற்கவைத்துப் பேசியே அனுப்புவது எங்கள் பரம்பரை வித்தை, அந்த விஷயத்தில் அவன் எனக்குக் கத்துக்குட்டி. பேசப் பேச சார் போய்விட்டது. கடைசியில் 'நீ' என்றான், அதற்கப்புறம் அவன் சொன்னதை இங்கே எழுத முடியாது.

அம்புக்குறி நான் படங்கள் வைத்திருக்கும் ஃபோல்டருக்குப் போனது. எல்லாப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து நீல நிறமாக்கியது. அடுத்த நொடி ஃபோல்டர் காலியாக இருந்தது. குப்பைத் தொட்டிக்குப் போய் அதையும் காலி செய்தது. இத்தனையும் என் கண்ணெதிரே நடந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, சுத்தம் பண்ணுகிறான் போலிருக்கிறது, என்ன இருந்தாலும் வேலைக்காரன் என்றுதான் நினைத்தேன்.

என் மனைவி பலகையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். சைரன் நின்றது. "வேலியில போன ஓணான..." என்று ஆரம்பித்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லாமல் விட்டாள். அதற்குள் மளிகைப் பக்கம் யாரோ வந்து வெல்லம் கேட்டார்கள், போணி ஆனது.

திண்டிவனத்திலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பவர் பதினோரு மணி வாக்கில் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன், டிபன் விசாரித்ததை மட்டும் விட்டுவிட்டேன். அதை என் மனைவி பலகைக்கு மேலாக எடுத்துக் கொடுத்தாள். அவர் சிரிக்கவில்லை. முதல் காரியமாக அழிந்த படங்களைத் தோண்டி எடுக்க முடியுமா என்று பார்த்தார். இரண்டு மணி நேரம் தோண்டினார். யார் யாரோ முறைத்துக்கொண்டிருக்கும் பாஸ்போர்ட் போட்டோக்கள் வந்தன. ஒரு காதணி விழாவின் அழைப்பிதழ் வந்தது. கடைசியில் கொல்லையும் வந்தது. நான் எழுந்து நின்றுவிட்டேன். வானம் வந்தது, முண்டாசு வந்தது, நெற்றி வரைக்கும் வந்தது. அதற்குக் கீழே வெறும் சாம்பல் நிறம்.

"அவ்ளோதாண்ணா. இதுக்கு மேல வராது" என்றார்.

வந்ததை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். பென் டிரைவ் அதே டிராயரில்தான் இருந்தது, பசை டப்பாவுக்குக் கீழே. கம்ப்யூட்டருக்குள் அவன் என்ன வைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று தெரியாது, ஒன்று விடாமல் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று வேலையை ஆரம்பித்தார். போட்டுக்கொண்டே சொன்னார்:

"ஒரிஜினல் அப்டேட்டு கத்தாதுண்ணா. போன் நம்பர் குடுக்காது. நெட்டுல நீங்க இன்னாத்தையோ பாத்துனு இருக்க சொல்லோ நடுவுல வந்து குதிக்காது. சந்தேகமா இருந்தா அந்த சேதிய தொடாதீங்க, நீங்களே செட்டிங்ஸுக்குள்ள போயி பாருங்க. அங்கயும் அப்டேட்டு இருக்குதுன்னு காட்டுச்சுன்னா நெஜம். இல்லாட்டி டூப்பு."

"அப்ப நாலு வருசமா மூலையில வந்துனு இருந்துச்சே, அது?"

"அதான் ஒரிஜினல். காசில்லாம கம்பெனிக்காரன் குடுக்கறது. அத உட்டிருந்தீங்கன்னா கம்ப்யூட்டராவது கொஞ்சம் கெட்டியா இருந்திருக்கும்."

"நல்லவன நாலு வருசமா வாசல்லயே நிக்க வச்சாரு. திருடன் வந்ததும் சாப்டியான்னு கேட்டாரு" என்றாள் என் மனைவி. அவலூர்பேட்டை வாத்தியார் என்னைக் கும்பிட்டது ஞாபகம் வந்தது. அவருக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது என்று அப்போதே கவலையாகிவிட்டது.

மதியம் மூன்று மணிக்குப் புது அப்டேட்டைத் துவக்கிவிட்டு, அது தானாக முடியும், முடிகிற வரைக்கும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுத் திண்டிவனத்துக்காரர் பஸ்ஸுக்குப் போய்விட்டார். திரை நீலமாக இருந்தது. நடுவில் ஒரு வட்டம் சுற்றியது. பதினொரு சதவீதம், கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள் என்று எழுதியிருந்தது. காலையில் திருடனும் இதையேதான் எழுதியிருந்தான். அவன் இன்னும் உள்ளே உட்கார்ந்திருக்கிறானோ என்று எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பதினாலு சதவீதத்தில் அது வெகுநேரம் நின்றது. என் கை மெல்லச் சுவரில் இருந்த சுவிட்சுக்குப் போனது.

"கைய எடுங்க" என்றாள் என் மனைவி. எடுத்துவிட்டேன்.

சாயங்காலம் வருவதாகச் சொன்ன விவசாயி மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். கையில் மஞ்சள் பை. ஸ்டூலில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆச்சா தம்பி?" என்றார்.

"நாளைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். வாய்க்கு வேறு வார்த்தை தெரியவில்லை.

"நாளைக்குக் காத்தால எட்டு மணிக்கு பந்தல்ல வைக்கணுமே தம்பி. பொண்ணு நேத்தே வந்துட்டா. அம்மா படம் எங்கன்னு கேட்டுனே இருக்குது."

நான் எழுந்து நின்றேன். எனக்கு நினைவு தெரிந்து அந்தக் கடையில் ஒருவரும் சொல்லாததை நான் சொல்ல வேண்டியிருந்தது. "இல்லண்ணே. அந்தப் படம் இல்ல. போயிடுச்சு. என்னாலதான் போச்சு" என்றேன். பலகைக்கு அந்தப் பக்கம் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

அவருக்குச் சட்டென்று பிடிபடவில்லை. திரையைக் காட்டினார். "இது சுத்தினு இருக்குதே. இது முடிஞ்சா வருமா?"

"வராதுண்ணே" என்றேன். முதல் தடவை சொன்னதைவிட இரண்டாம் தடவை சொல்வது பெரும்பாடாக இருந்தது.

காலையில் நடந்ததைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை, டிபன் விசாரித்ததைக்கூட. அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் சதவீதம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பி, "ஒன்னுமே வரலையா?" என்றார். முண்டாசு வரைக்கும் வந்தது என்றேன்.

"அது என் துண்டு" என்றார். "வெயிலா இருக்குதுன்னு நான்தான் கட்டி உட்டேன்."

வேறு கடையிலாவது ஆதார் படத்தைப் பெரிதாகப் போட்டுத் தரச் சொல்கிறேன், செலவு என்னுடையது என்று உளறினேன். அவர் காதில் வாங்கவில்லை. மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு பேங்க் பாஸ்புக்கை எடுத்தார். அதற்குள்ளிருந்து ஒரு சின்னக் காகித உறையை எடுத்து என்னிடம் தந்தார். பாஸ்போர்ட் போட்டோ போட்டுக் கொடுக்கும் உறை. மேலே என் கடையின் பெயர் அச்சடித்திருந்தது.

"பேங்க்ல கணக்கு ஆரம்பிக்க சொல்லோ இங்கதான் வந்து எடுத்தா. நாலஞ்சு வருசம் இருக்கும். இதுல சிரிக்க மாட்டா, அதான் வேணாம்னு வச்சிருந்தேன்" என்றார். உறையைத் திறந்தேன். ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. நெல்மூட்டையை எண்ணுகிறவனைப் பார்க்கிற மாதிரி கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டு, வாயை இறுக்க மூடிக்கொண்டு ஓர் அம்மாள். எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. வருகிறவர்களின் முகத்தையா நான் பார்க்கிறேன், தோள் நேராக இருக்கிறதா என்றுதானே பார்க்கிறேன்.

"நீங்க சிரிக்கக் கூடாதுன்னு சொன்னீங்களாம்" என்றார் அவர்.

சொல்லியிருப்பேன். எல்லாரிடமும் சொல்வேன். "சிரிக்காதீங்க, சிரிச்சா ரிஜெக்ட் ஆயிடும்." அப்படி ரிஜெக்ட் ஆன படம் ஒன்றைக்கூட நான் கண்ணால் கண்டதில்லை. யாரோ சொன்னார்கள், நானும் சொல்கிறேன். அது நிஜமா என்று ஒரு நாளும் யாரையும் கேட்டதில்லை.

"அவளால அடக்க முடியலையாம். எடுக்க எடுக்க சிரிச்சுட்டாளாம். ஆறு தரம் எடுத்தீங்களாம். அப்பறம் நீங்க கோவமா, ஏம்மா, இன்னா கல்யாணமா நடக்குது இங்க, வாய மூடுன்னீங்களாம். ஊட்டுக்கு வந்து உங்கள மாதிரியே மூஞ்ச வச்சுனு சொல்லிக் காட்டுவா. சொந்தக்காரங்க யாரு வந்தாலும் எழுந்து நின்னு நடிச்சுக் காட்டுவா. எங்க ஊட்டுல எல்லாருக்கும் உங்கள தெரியும் தம்பி."

அவர் இதை வருத்தமாகச் சொல்லவில்லை. நான் தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரு திருடன் காலையில் அந்த அம்மாளின் சிரிப்பை அழித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான் அதே வேலையை இந்தக் கடையில் பகலிலே, காசு வாங்கிக்கொண்டு, ஆறு தடவை செய்திருக்கிறேன். அவமானமாக இருந்தது. காலையில் பட்ட அவமானம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

அப்டேட் ஐந்து மணிக்கு முடிந்தது. அதுவரை அவரும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். என் மனைவி இரண்டு பேருக்கும் டீ வாங்கி வைத்தாள். அந்தச் சின்னப் படத்தை ஸ்கேனரில் வைத்தேன். கோணாமல் வைக்க நாலு தடவை ஆனது. திரையில் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கினேன்.

முகம் விரல் நகம் அளவு இருந்தபோது தெரியாதது அப்போது தெரிந்தது. அந்த அம்மாள் உதட்டை உள்பக்கமாகக் கடித்துக்கொண்டிருந்தார். கன்னம் இரண்டும் காற்று அடைத்தது போல உப்பியிருந்தன. மூக்கு விரிந்திருந்தது. கண் ஓரம் முழுக்கச் சுருக்கம், அது மட்டும் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை.

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தோ பாருங்க தம்பி," என்றார், "இப்ப சிரிச்சுருவா."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எதையும் திருத்தாமல், நிறத்தைத் தூக்காமல், அப்படியே பிரிண்ட் கொடுத்தேன்.